ஆல்பனி திமிங்கல ஆலைக்குப் போய் வந்தோம்: சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

நெய்தல்

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து ஆல்பனி சுமார் 420 கிலோமீட்டர். நாலரை மணி நேரம் என்று போன் சொல்லும், வண்டியில் இரண்டு பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்த அம்மாவும் இருந்தால் ஏழு மணி நேரம். ஏப்ரல் பள்ளி விடுமுறையில் போனோம். தி கேப் (The Gap) என்ற கடலோரப் பாறைப் பிளவைப் பார்த்துவிட்டு அப்படியே பிரெஞ்ச்மேன் விரிகுடா வரைக்கும் போய் அந்தப் பழைய திமிங்கல ஆலையையும் பார்த்துவிடலாம் என்பதுதான் திட்டம். ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்தேன், நாலு மணி நேரம் ஆனது.

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பெட்டி, எலும்பு, பாய்மரக் கப்பல் படம் என்றுதான் என் மனசில் இருந்தது. அங்கே இருப்பது ஆலையேதான், ஓடிக்கொண்டிருந்ததை ஒரு நாள் நிறுத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனது போல. கடலிலிருந்து ஏறும் சரிவு, வாலில் சங்கிலி போட்டு இழுக்கும் வின்ச், தோலும் கொழுப்பும் உரிக்கும் பெரிய மரத்தளம், அந்தத் தளத்திலேயே ஓட்டைகள். வெட்டிய துண்டுகளை அந்த ஓட்டைகளில் தள்ளிவிட்டால் கீழே இருக்கும் பெரிய இரும்புக் கலன்களில் விழும், நீராவியில் வேகும், எண்ணெய் பிரியும். மிச்ச இறைச்சியும் எலும்பும் அரைபட்டுக் கோழித் தீவனத்துக்கும் உரத்துக்கும் போகும். தலையை அறுக்க நீராவியில் ஓடும் ரம்பம் ஒன்று தனியாக. எண்ணெய் வைத்திருந்த தொட்டிகளுக்குள் இப்போது படம் போடுகிறார்கள், உள்ளே உட்கார்ந்தால் குரல் எதிரொலிக்கிறது. வெளியே கரையில் செய்ன்ஸ் 4 என்ற வேட்டைக் கப்பலை நிறுத்தியிருக்கிறார்கள், எஞ்சின் அறையிலிருந்து முன்முனையில் இருக்கும், ஈட்டி எய்யும் ஹார்பூன் பீரங்கி வரைக்கும் ஏறி இறங்கலாம். பெரியவன் அந்தப் பீரங்கியைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கச் சொன்னான், எடுத்தேன், அப்புறம் அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வழிகாட்டிப் பெண் சொன்ன ஒரு வரிதான் எங்களை நிறுத்தியது. ஆலை மூடியது 1978 நவம்பர். அம்மா என் கையைப் பிடித்து, "என்னது, எழுபத்தெட்டா? நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதின வருஷம்டி அது" என்றாள். அவளும் இது ஏதோ வெள்ளைக்காரன் பாய்மரக் காலத்துக் கதை என்றுதான் நினைத்திருந்தாள்.

கேள்வி என்னவென்றால், ஏழு வயதுக்காரி உரிப்பதைப் படத்தில் பார்த்துவிட்டு, "இந்த அங்கிளெல்லாம் கெட்டவங்களா?" என்றாள். நான் உளறினேன். உங்களில் போனவர்கள் பிள்ளைகளுக்கு என்ன சொன்னீர்கள்?

பெர்த் பாலா

நாங்களும் போயிருக்கிறோம். எனக்குப் பிடிக்கவில்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு கசாப்புக் கூடத்தைத் துடைத்து வைத்து அதற்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள், முடிந்ததும் கடையில் திமிங்கலப் பொம்மை வாங்கிக்கொண்டு காபி குடிக்கலாம். உச்சத்தில் வருஷத்துக்கு 900 முதல் 1,100 திமிங்கலம் வரை அந்தச் சரிவில் ஏறியிருக்கிறது. அதைப் பற்றி "தப்பு செய்தோம்" என்று ஒரு பலகை பெரிதாக வைத்திருந்தால் நான் இவ்வளவு பேச மாட்டேன். ஆட்களின் தைரியம், கப்பலின் குதிரைத்திறன், பழைய தொழிலாளிகளின் ஞாபகம் என்று ஏதோ கிரிக்கெட் கிளப் வரலாறு மாதிரி போகிறது. பிள்ளைகளிடம் "ஆமாம், கெட்டவங்கதான்" என்று சொல்லியிருக்கலாம் அக்கா.

கொதிகலன்

பாலா, ஒரு நிமிஷம். நான் இங்கே கோலி (Collie) என்ற ஊரில் நிலக்கரி மின் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். 2030-க்குள் அரசு நிலையங்களை மூடுவதாக 2022-லேயே அறிவித்துவிட்டார்கள். போன வருஷம் ஆல்பனி போனபோது அந்தக் கலன்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன், வால்வும் குழாயும் அழுத்தமானியும் நான் தினமும் பார்க்கிற சாமான்கள்தான், எனக்கு அங்கே ஷிப்டே போட்டுக் கொடுத்திருக்கலாம். ஐம்பது வருஷம் கழித்து எங்கள் நிலையத்தையும் இப்படித் துடைத்து வைப்பார்கள், எவனாவது ஒரு பையன் என் படத்தைக் காட்டி இந்த அங்கிள் கெட்டவரா என்று கேட்பான். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஆமாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்கிறவர் அந்த இரவு எந்த மின்சாரத்தில் போன் சார்ஜ் போட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெர்த் பாலா

அண்ணா, நிலக்கரி வலியால் துடிக்காது.

கொதிகலன்

அது சரி. அதை ஒத்துக்கொள்கிறேன். வெடிமுனை வைத்த ஈட்டி, உள்ளே போய் வெடிக்கும், உடனே சாகாமல் போனால் இன்னொன்று. அதை நான் அழகுபடுத்தவில்லை.

கணக்குப்பிள்ளை

பாலா சொல்கிற "தப்பு செய்தோம்" பலகை வைத்தால் அது பொய்ப் பலகையாகிவிடும், ஏனென்றால் தப்பு என்று தெரிந்து யாரும் மூடவில்லை. கணக்கு இடித்தது, மூடினார்கள். அந்த அருங்காட்சியகத்தில் எனக்குக் குறையாகப் படுவதும் இதுதான், கடலையும் வீரத்தையும் நன்றாகக் காட்டுகிறார்கள், பேரேட்டைக் காட்டுவது போதவில்லை.

கம்பெனி பெயர் செய்ன்ஸ் பீச் வேலிங் கம்பெனி. 1952-இல் அந்த இடத்தில் தொடங்கினார்கள். முதலில் கூன்முதுகுத் திமிங்கலம். அது கரையோரமாகவே வடக்கே போய் வருகிற பிராணி, பிடிப்பது சுலபம். பத்து வருஷத்தில் கிடைப்பதே அரிதாகி, 1963-இல் தென்பாதியில் அதைப் பிடிக்கத் தடை வந்தது. மற்ற ஆஸ்திரேலிய ஆலைகளெல்லாம் அத்தோடு படுத்துவிட்டன. ஆல்பனிக்கு மட்டும் ஒரு யோகம், கண்டத்திட்டின் விளிம்பு அங்கே கரைக்குக் கிட்ட, ஆழம் திடீரென்று இறங்குகிறது, ஸ்பெர்ம் திமிங்கலம் கணவாய் தேடி வரும் இடம். அதனால் இன்னும் பதினைந்து வருஷம் ஓடியது. விடியற்காலையில் சின்ன விமானம் கிளம்பிக் கூட்டம் எங்கே என்று பார்த்துச் சொல்லும், மூன்று கப்பல்கள் பின்னால் போகும், அடித்ததற்குக் காற்று ஏற்றி மிதக்கவிட்டுக் கொடி குத்திவிட்டு அடுத்ததைத் தேடும், சாயங்காலம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு திரும்பும்.

ஸ்பெர்ம் எண்ணெய் சமையலுக்கு ஆகாது, அது உண்மையில் திரவ மெழுகு. அதிக அழுத்தத்திலும் சூட்டிலும் வழுக்கும் குணம் போகாது, அதனால் கியர் எண்ணெயில் கலந்தார்கள், தோல் பதனிடப் பயன்படுத்தினார்கள். பெரிய வாடிக்கை அமெரிக்கா. 1970-இல் அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழியும் இனப் பட்டியலில் சேர்த்தது, அதோடு அந்தக் கதவு சாத்தப்பட்டது. 1973-க்கு அப்புறம் கப்பலுக்கு ஊற்றும் எரிபொருள் விலை ஏறியது. சர்வதேசத் திமிங்கல வேட்டைக் கமிஷன் ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொண்டே வந்தது. 1977-இல் ரப்பர் படகுகளில் வந்து ஈட்டிக்கும் திமிங்கலத்துக்கும் நடுவே நின்றார்கள் போராட்டக்காரர்கள், ஆஸ்திரேலியாவில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் இயக்கத்தின் முதல் போராட்டம் அதுதான். அடுத்த வருஷம் அரசு சர் சிட்னி பிராஸ்ட் தலைமையில் விசாரணை வைத்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே கம்பெனி மூடப்போவதாகச் சொல்லிவிட்டது. கடைசித் திமிங்கலம் நவம்பரில், அறிக்கை வந்தது டிசம்பரில். சட்டம் 1980-இல். அதாவது கடைக்காரர் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போன பிறகு வாசலில் "இங்கே வியாபாரம் செய்யக்கூடாது" என்று எழுதி வைத்தது போல.

சுமார் நூறு பேருக்கு வேலை போனது. ஆல்பனி அளவு ஊருக்கு அது பெரிய எண்ணிக்கை.

சுடுமணல்

நாசா இன்னும் ராக்கெட்டுக்கு ஸ்பெர்ம் எண்ணெய்தான் பயன்படுத்துகிறது தெரியுமா? மைனஸ் எத்தனை டிகிரியிலும் உறையாதாம். ஒரு வீடியோவில் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை

தம்பி, அந்த வீடியோவை நானும் பார்த்தேன். நாசா கதைக்கு ஆதாரம் கிடையாது. கார் கியர்பாக்ஸில் இருந்தது மட்டும் நிஜம், அமெரிக்கக் கார்களின் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயில் வருஷக்கணக்காக இருந்தது. மெழுகு மாதிரி இருக்கிறதே, அது உறையாமல் எப்படி இருக்கும்? தலையிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஆறினாலே வெள்ளையாகக் கட்டிவிடும். அதில் மெழுகுவர்த்தி செய்து ஒரு காலத்தில் பணக்காரர் வீடுகளில் ஏற்றினார்கள்.

சுடுமணல்

சரி சரி, விட்டுவிடுங்கள்.

கணவாய்க்கண்

தாமதமாக வருகிறேன். கடல் உயிரியல் படிக்கிறவள் என்பதால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. கணக்குப்பிள்ளை சார் சொன்ன அந்தச் சின்ன விமானம் ஒவ்வொரு காலையும் எங்கே எத்தனை திமிங்கலம் பார்த்தது என்று பதிவு வைத்திருந்தது. அது கொல்வதற்காக எழுதிய பதிவு. 2009-இல் ஆய்வாளர்கள் அதே கடற்பரப்பில், அதே மாதங்களில், மறுபடியும் பறந்து எண்ணினார்கள். 1968 முதல் 1978 வரைக்குமான பதிவுகளோடு ஒப்பிட்டால் ஒரு காலையில் கண்ணில் படும் ஆண் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் பாதிக்கும் குறைவு. முப்பது வருஷம் யாரும் தொடாமல் விட்டும் மீளவில்லை.

கூன்முதுகோ நேர்மாறு. மேற்குக் கரையில் சில நூறு என்ற நிலைக்கு வந்தது இப்போது நன்றாகத் திரும்பிவிட்டது, 2022-இல் ஆஸ்திரேலியா அதை அச்சுறுத்தல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு கன்று போடும் இனம் அது. ஸ்பெர்ம் அப்படி இல்லை, ஒரு தாய் நாலிலிருந்து ஆறு வருஷத்துக்கு ஒரு கன்றுதான், அதுவும் பாட்டி சித்தி எல்லாரும் சேர்ந்து வளர்க்கும் குடும்பம். குடும்பத்தில் மூத்தவளைக் கொன்றால் எண்ணிக்கையில் ஒன்று குறையும், ஆனால் எங்கே போனால் இரை கிடைக்கும் என்கிற ஞாபகமும் அவளோடு போய்விடும்.

அதனால் "எல்லாம் சரியாகிவிட்டது, வாருங்கள் படகில் போய்ப் பார்க்கலாம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி முடிக்காதீர்கள். ஒன்றுக்கு ஆனது, இன்னொன்றுக்கு ஆகவில்லை.

பெர்த் பாலா

இது எனக்குத் தெரியாது. நன்றி கணவாய்க்கண். இந்த ஒரு தகவலை அங்கே வாசலிலேயே வைத்திருந்தால் நான் மேலே எழுதியதில் பாதியை எழுதியிருக்க மாட்டேன்.

கடலோடி மைந்தன்

எல்லாரும் ஆல்பனியையே பிடித்துக்கொண்டு திட்டுகிறீர்கள். பெரிய திருட்டு நடந்தது நடுக்கடலில். பிடித்ததைக் கடலிலேயே அறுத்து எண்ணெய் எடுக்கும் சோவியத் ஆலைக்கப்பல்கள் தென்கடலில் 48,000-க்கும் மேல் கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கொன்றுவிட்டு 2,710 என்று கணக்குக் காட்டின. வெளியே தெரிந்தது 1990-களில், சோவியத் உடைந்து அவர்களுடைய விஞ்ஞானிகளே ஒளித்து வைத்திருந்த ஏடுகளைக் காட்டிய பிறகு. ஆல்பனிக்காரன் 1962-இல் "என்ன, இந்த வருஷம் ஒன்றையும் காணோமே" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றதற்குக் காரணத்தில் பாதி தெற்கே இருந்தது.

நம் பக்கக் கடலையும் விடவில்லை. 1960-களின் நடுவில் அரபிக்கடலில் 242 கூன்முதுகுகளை அடித்தார்கள். அந்தக் கூட்டம் மற்றவை போலத் துருவத்துக்குப் போய் வராது, வருஷம் முழுக்க அங்கேயே இருக்கும். இன்று ஓமன் கரையில் நூறுக்கும் கீழேதான் என்கிறார்கள்.

கொதிகலன்

ஆனால் "அவன் அதிகமாகத் திருடினான்" என்பது நம் கணக்கைக் குறைக்காது, இல்லையா? இதை நிலக்கரிக்காரன் சொல்கிறேன், எங்களிடம் தினமும் இதே வாதம்தான், சீனாவைப் பார் இந்தியாவைப் பார் என்று.

முத்துச்சிப்பி

அக்கா, அங்கே ஆம்பர்கிரிஸ் வைத்திருக்கிறார்களா? திமிங்கல வாந்தி. ஒரு கிலோ கோடிக்கணக்கில் போகும் என்று நம்ம ஊர்ச் செய்தியில் வாரம் ஒரு தடவை வருகிறதே. ஆஸ்திரேலியக் கரையில் கிடைத்தால் எடுத்து வரலாமா?

நெறியாளர்

எடுத்து வரக்கூடாது. இந்தியாவில் ஸ்பெர்ம் திமிங்கலம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதன் எந்தப் பொருளையும் வைத்திருப்பதே குற்றம். ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியே கொண்டுபோவதும் அப்படித்தான். விலை பேசும் பதிவுகளை நீக்கிவிடுவேன்.

கணவாய்க்கண்

வாந்தியும் இல்லை. கணவாயின் அலகு கடினமாக இருக்கும், ஜீரணமாகாது, அது குடலில் உறுத்தும்போது சுற்றிப் படிவது. எல்லாத் திமிங்கலத்திலும் இருக்காது, நூற்றில் ஒன்றிரண்டில் இருந்தாலே பெரிது.

நெய்தல்

இரண்டு நாள் வரவில்லை, இழை எங்கேயோ போய்விட்டது. எல்லாருக்கும் நன்றி.

அம்மாவைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். எங்களுக்கு மணப்பாடு பக்கம். 1973 பொங்கல் அன்றைக்கு எங்கள் கரையில் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கின, 147 என்று பதிவு இருக்கிறது. அம்மாவுக்கு அப்போது பதினோரு வயது. சித்தப்பாமார்கள் வள்ளத்தில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஆழத்தில் விடுவார்களாம், அது அவர்களுக்கு முன்னாலேயே கரைக்குத் திரும்பி வந்து கிடக்குமாம். மறுபடி இழுப்பார்களாம், மறுபடி வருமாம். "சனியனே போயேன், போயேன்" என்று தாத்தா அழுதுகொண்டே திட்டினாராம், மீன் வெட்டிப் பிழைக்கிற மனுஷன். 2016 ஜனவரியிலும் அதே கரையில் எண்பதுக்கும் மேல் ஒதுங்கின, அப்போதும் பையன்கள் தள்ளிவிட்டார்கள், அதிலும் சில திரும்பி வந்தன. தலைமை தாங்கிப் போகிறது தரைதட்டினால் மற்றது விட்டுப் போகாது என்று சொல்கிறார்கள், கணவாய்க்கண் சரியா என்று சொல்லட்டும்.

ஆல்பனி ஆலையில் 22 மீட்டர் எலும்புக்கூடு ஒன்று வைத்திருக்கிறார்கள், அதற்கு முன்னால் வழிகாட்டிப் பெண் நீலத்திமிங்கலம், அதில் பிக்மி வகை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்கவே இல்லை. வெளியே அந்தச் சரிவில் போய் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் என்னம்மா என்றேன். "அங்கே உள்ளே தள்ளினோம், போகவில்லை. இங்கே உள்ளேயிருந்து இழுத்திருக்கிறான்" என்றாள். பிறகு அந்த உரிக்கும் தளத்தின் மரத்தைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, இதில் வழுக்காமல் எப்படி நின்றார்கள் என்று கேட்டாள். வழிகாட்டிக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது, அடியில் ஆணி வைத்த பூட்ஸ் என்று சொல்லிவிட்டு வளைந்த நீளக் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று நடித்தே காட்டினார். அம்மா பதிலுக்கு எங்கள் ஊரில் சுறா அறுக்கும் விதத்தைக் கையாலேயே காட்டினாள். அரை மணி நேரம் இரண்டு பேரும், நடுவில் நான் மொழிபெயர்ப்பு.

சின்னவளிடம் நான் கடைசியில் சொன்னது, "அவங்க வேலைக்குப் போனவங்க, அந்த வேலை மோசமான வேலை" என்று. அவள் "அப்ப யாரு அவங்களை அனுப்பினது?" என்றாள். கணக்குப்பிள்ளை சார், இதற்குப் பதில் உங்கள் கையில்.

கணக்குப்பிள்ளை

கியர்பாக்ஸ் வைத்திருந்தவர்கள் எல்லாரும்மா. ஏழு வயதுக்கு இது புரியாது, எட்டில் புரியலாம்.

கணவாய்க்கண்

நெய்தல் அக்கா, மணப்பாட்டில் ஒதுங்கியது குட்டைத்துடுப்பு பைலட் திமிங்கலம். குடும்பக்கட்டு பலமான இனம், ஒன்றை விட்டு ஒன்று போகாது என்பது ஒரு வலுவான காரணமாகச் சொல்லப்படுகிறது, கரையின் சரிவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஒரே காரணம் என்று கட்டிவிட முடியாது. உங்கள் தாத்தா பார்த்தது அப்படியே ஆய்வுக் கட்டுரைகளில் எழுதியிருக்கிறது.

புதுவரவு குமார்

இந்த மாதக் கடைசியில் மூன்று வயதுப் பையனோடு போகிறோம். படங்களைத் தவிர்த்துவிட்டு வெளியே மட்டும் சுற்ற முடியுமா?

நெய்தல்

முடியும். தொட்டிக்குள் ஓடும் படங்களை விட்டுவிடுங்கள், கப்பலுக்கும் எலும்புக்கூடுகளுக்கும் மட்டும் போங்கள். கப்பல் ஏணிகள் செங்குத்து, பையனைத் தூக்கிக்கொண்டு இறங்குவது கஷ்டம். மணிக்கொரு முறை வழிகாட்டியோடு நடை உண்டு, பத்து மணி நடைக்குப் போனால் கூட்டம் குறைவு. காற்று பிய்த்துவிடும், கோடையானாலும் ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். திமிங்கலமும் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் முதல் அக்டோபருக்குள் போங்கள், ரைட் திமிங்கலம் கன்றோடு விரிகுடாவுக்குள்ளேயே வரும், அந்தச் சரிவிலிருந்தே தெரியும் என்றார்கள். நாங்கள் ஏப்ரலில் போய் ஏமாந்தோம்.

பெர்த் பாலா

படகில் போவதானால் ஏறுவதற்கு முன்னாலேயே குமட்டல் மாத்திரை போட்டுவிடுங்கள் குமார். குமட்டல் வந்த பிறகு போட்டு அவ்வளவு பலனில்லை. எனக்கு நேர்ந்ததை இங்கே எழுத வேண்டாம்.